கடலை அளந்தவர் தாண்டிப் போன கால்வாய்

எங்கள் மல்லேனப்பள்ளி ஏரியில் ஒருநாள் விடியற்காலை நான் இடுப்பளவு பள்ளத்தில் விழுந்தேன். தலையில் சாமந்திக் கூடை. பேரிகையிலிருந்து ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியைப் பிடிக்க, ஏரியில் தண்ணீர் கம்மியாக இருக்கும் மாதங்களில் குறுக்கே நடந்துவிடுவது வழக்கம். மண் வெட்டி எடுத்துப் போனவர்கள் மூடாமல் விட்ட பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று, தரை எது பள்ளம் எது என்று தெரியாமல் கிடந்தது. பூவெல்லாம் போயிற்று. நான் எப்படியோ ஏறி வந்துவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் இறங்கினால், பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு மூங்கில் குச்சி நட்டிருந்தது. ஒவ்வொரு குச்சியின் நுனியிலும் ஒரு சிவப்புத் துணி. இரண்டு வரிசையாக நின்ற குச்சிகளுக்கு நடுவில் கால் நனையாமல் நடந்து அக்கரை போய்விடலாம். எங்கள் ஏரிக்கரையில் இருக்கிற கங்கம்மா தாயே நட்டு வைத்தாள் என்று நினைத்தேன். முதல் குச்சிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

நாலு நாள் கழித்து, சாமி படத்துக்குப் பூ கொடுக்கச் சென்னகிருஷ்ணன் அண்ணா வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி சுகுணா அண்ணி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"புதுத் துண்டுங்க. சிவப்புத் துண்டு. கொடியில போட்டது போட்டபடி இருந்துச்சு. காத்து தூக்கிட்டா போவும்?"

அண்ணா பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "நம்ம ஊர்க் காத்து கொஞ்சம் பலம்தான்" என்றார். பேப்பருக்கு மேலே என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி எழுதப்போவதில் கோபம்தான் அதிகம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவர் கவர்னர் ஆனதும் அவரைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு ஊரில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். வழுவழுப்பான தாள். எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். எந்தெந்தக் கடலில் இருந்தார், எந்த நாட்டுக்குப் போனார், யார் யாரோடு நின்று போட்டோ பிடித்தார் என்று எல்லாம் இருந்தது. எங்கள் ஏரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நான் எழுத வேண்டியதாயிற்று.

அவர் அப்பா கேழ்வரகும் அவரைக்காயும் போட்டுப் பிழைத்தவர். அண்ணா பேரிகைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார். அப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி என்று படித்து, இருபத்தோரு வயதில் கப்பல் படையில் சேர்ந்தார். அதுவரைக்கும் எங்கள் ஊரில் கடலைப் பார்த்தவர் ஒருவரும் கிடையாது. "உப்புத் தண்ணில உனக்கு என்னடா வேலை, அதுல ஒரு அவரைச் செடி முளைக்குமா?" என்று அவர் அம்மா அழுதாராம்.

துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை அவருக்கு. கடலின் ஆழத்தை அளந்து படம் வரைகிற பிரிவு. எங்கே பாறை, எங்கே மணல் திட்டு, எந்த வழியாகக் கப்பல் பயமில்லாமல் போகலாம் என்று அவர்கள் போட்டுக் கொடுக்கிற படத்தை நம்பித்தான் மற்றக் கப்பல்கள் போகும். முப்பத்தெட்டு வருஷம் அதே வேலை. கடைசியில் ரியர் அட்மிரல் என்று பெரிய பதவிக்கு வந்தார்.

சின்ன வயதில் ஒரு துறைமுகத்துக்குப் படம் வரைந்தபோது, ஒரு பாறை இருக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம். மேலதிகாரி, "மந்திரி வர்றார், கையெழுத்துப் போட்டுக் கொடு" என்று குதித்திருக்கிறார். இவர் முடியாது என்று சொல்லி இரண்டு நாள் திரும்பவும் அளந்தார். பாறை இருந்தது. இரண்டு வருஷம் பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்களாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, ஒரு சந்தோஷம்தான் இருந்தது. அந்த முகத்தை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து பழைய வீட்டைச் செப்பனிட்டுக் குடியேறினார். அடுத்த வருஷம் கொரோனா. எல்லோரும் அடைந்து கிடந்த நாளில் ஏரிக்கு மேற்கே இருந்த மானாவாரிக் காடு முழுக்க ஒரு கம்பெனி வாங்கியது. பெரிய குடோன் கட்டப் போகிறார்கள் என்றார்கள். மலைப்பக்கமிருந்து எங்கள் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய் அந்தக் காட்டின் நடுவே வருகிறது. ஏரி நிரம்பினால்தான் எங்கள் நாற்பது குடும்பத்துக் கிணற்றிலும் ஊற்று. என் முக்கால் ஏக்கர் சாமந்திக்கும் அதுதான் தண்ணீர். ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால், அதாவது கரையின் கடைசியில் தண்ணீர் வழிந்தால், கங்கம்மாவுக்கு விளக்கேற்றித் தெப்பம் விடுவோம். எனக்குக் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த வருஷம் முதல் தெப்பத்துக்குப் பூ கட்டுகிறவள் நான்.

கம்பெனிக்காரர்கள், "கால்வாய்க்குப் பதிலா மூணடிக் குழாய் பொதைச்சித் தர்றோம்" என்றார்கள். குழாய் வேண்டாம் என்று தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். பழைய சர்க்கார் படத்தில் கால்வாய்க்கு ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருந்தது. அகலம் இல்லை.

"அகலம் இல்லைன்னா நாம அளந்துடுவோம்" என்றார் அண்ணா.

அப்படித்தான் நானும் அவரோடு ஏரியில் இறங்கினேன். மீன் குத்தகைக்காரரிடம் பரிசல் வாங்கினோம். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு. கயிற்று நுனியில் கட்ட என் பூத் தராசின் இரண்டு கிலோ எடைக்கல். கல்லின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவி இறக்குவார். மேலே தூக்கினால் அதில் ஒட்டி வருவதைப் பார்த்து வண்டலா மணலா என்று சொல்லுவார். நான் முடிச்சை எண்ணித் தமிழில் கத்துவேன். கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும் அண்ணி அதையே கன்னடத்தில் திருப்பிக் கத்தி நோட்டில் எழுதுவார். சாயங்காலம் அண்ணா அதை இங்கிலீஷில் மாற்றிக்கொள்வார்.

ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. முன்னாள் தலைவர் பொன்னுசாமி, நல்ல பருமனான ஆள், "ஏரியில கப்பல் விடப் போறீங்களாண்ணா?" என்று கேட்டார்.

"விட்டா மொத டிக்கெட் உனக்குத்தான் பொன்னுசாமி. ஆனா நீ ஏறினா கப்பல் தரை தட்டிடும்."

கார்த்திகை மழையில் கால்வாய் நிறைந்து ஓடியபோது, முழங்கால் தண்ணீரில் நின்று அகலத்தை அளந்தார். பதினெட்டு அடி. என் கூடையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்துத் தண்ணீரில் விட்டு, அது இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சிக்குப் போக எத்தனை நேரம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். "மூணடிக் குழாய் இதுல பாதியைக்கூட வாங்காது. மிச்சத் தண்ணி அவங்க குடோனுக்குள்ளயே போவும்" என்றார்.

பெரிய தாளில் படம் வரைந்தார். ஏரி, மதகு, கோடி, கால்வாய், கங்கம்மா கல் எல்லாம் அதில் இருந்தன. ஓரத்தில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. போடவில்லை.

"ஏண்ணா?"

"ஒரு தடவை அளந்ததுக்கு எங்க வேலையில பேரு கிடையாது பவளம். அடுத்த மழையில இன்னொரு தடவை அளந்து, சரியா இருந்தாத்தான் கையெழுத்து."

நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அன்றைக்கே கையைப் பிடித்துப் போட வைத்திருக்க வேண்டும்.

அடுத்த புரட்டாசியில் டில்லியிலிருந்து போன் வந்தது. கிழக்கே எங்கோ ஒரு சின்ன மாநிலத்துக்கு அவர் கவர்னர். ஊரில் பட்டாசு வெடித்தோம். ஐப்பசி மழைக்கு அவர் இங்கே இல்லை. படம் கையெழுத்தில்லாமல் என் வீட்டுப் பெட்டியில் இருந்தது. "மழையில நீ எடுத்துட்டு அலையாத, பத்திரமா வை" என்று கிளம்பும் அன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

தை மாதம் அவர் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. கங்கம்மாவைக் கும்பிட்டுவிட்டு, கோவில் திடலில் ஊர் மரியாதையை வாங்கிக்கொண்டு போவார் என்றார்கள். முன்னாலேயே போலீஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். பன்னிரண்டு வண்டி வரும், ஆம்புலன்ஸ் வரும், தீயணைப்பு வண்டி வரும், கால்வாய் மேல் இருக்கிற பழைய கல் பாலம் தாங்காது, வண்டிகள் திடல் வரைக்கும் வர முடியாது என்றார்கள்.

"நம்ம ஊர் கவர்னர் ரோட்டுல எறங்கி நடந்து வரணுமா?" என்று பொன்னுசாமி கூட்டத்தில் கேட்டார். "வெளியூருக்காரன் சிரிக்க மாட்டான்?"

எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. எனக்கும்தான். கால்வாயில் அந்த இடத்தை மட்டும் மண் கொட்டி நிரவுவது, விழா முடிந்ததும் எடுத்துவிடுவது என்று முடிவானது. மண்ணுக்கு எங்கே போவது என்று கேட்டபோது, கம்பெனி மேனேஜர் மோகன்குமார் தானாக வந்து, "நாங்க தர்றோம், ஊர் விசேஷம் தானே" என்றார். அன்று மத்தியானமே முப்பது லோடு வந்தது. ரோலரும் வந்தது. கல் பாலத்தை ஒரே தள்ளில் தள்ளிவிட்டு, மேலே நிரவி, ஜல்லி போட்டு ஓட்டினார்கள். அவர்களுக்கு நாங்கள் மோர் கொடுத்தோம். மேனேஜருக்குச் சால்வை போட்டோம்.

அந்தப் புதுத் தரை வெறுமையாக இருக்கிறதே என்று அதன்மேல் பெரிய கோலம் போட்டவள் நான்தான். நடுவில் ஒரு கப்பல் வரைந்தேன். கங்கம்மாவின் தண்ணீர் வருகிற வழியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மணி நேரம் கலர்ப் பொடி தூவினேன். புத்தி எங்கே போயிருந்தது எனக்கு? நாற்பது குடும்பத்தில் ஒருத்தருக்காவது வாயிருந்ததா? கம்பெனிக்காரனைத் திட்டுவது சுலபம். அவன் மண் கொடுத்தான். கேட்டு வாங்கினது நாங்கள்.

ஊர் வாசலில் கட்டிய வரவேற்பு வளைவில் "கடலை அளந்த எங்கள் ஊர்த் தங்கமே வருக" என்று எழுதியிருந்தது. கார்கள் வந்தன. அவருடைய கார் என் கோலத்தின் மேல் ஏறியபோது கொஞ்சம் மெதுவானது. கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. அவர் கீழே பார்த்தார். பிறகு நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். கார் போய்விட்டது. திடலில் அரை மணி நேரம் இருந்தார், பேசினார். பேச்சில் எல்லாக் கடலும் வந்தது. கால்வாய் வரவில்லை. பக்கத்தில் போக எங்களை விடவில்லை.

மண்ணை எடுக்க யாரும் வரவில்லை. பொன்னுசாமியைக் கேட்டால் மேனேஜரைக் கேள் என்றார். மேனேஜரைக் கேட்டால் கேஸ் நடக்கிறது, தொடக் கூடாது என்றார்.

மாசியில் எங்கள் மனுவை விசாரிக்கத் தாலுகா ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் ஒரே ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டினார். கோலம், அதன்மேல் கொடி கட்டிய கார்.

"கால்வாய்ன்றாங்க. இது ரோடு. மாண்புமிகு கவர்னரே இதுல போயிருக்காரு. இவங்களே போட்ட ரோடு, இவங்களே போட்ட கோலம்."

சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் படத்தை எடுத்து விரித்தேன். விசாரித்த அதிகாரி நல்ல மனிதர். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு நல்லா யாரும்மா வரைஞ்சது?"

"அந்தக் காருக்குள்ள இருக்கிறவருதானுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கையெழுத்து இல்லையே. வாங்கிட்டு வாங்க. பதினஞ்சு நாள் டைம் தர்றேன். அளந்தவர் கையெழுத்து இருந்தா நான் பதினெட்டு அடியை எடுத்துக்க முடியும்."

கையெழுத்து வரவில்லை. பங்குனியில் குழாய் புதைத்தார்கள். மூன்றடி. அந்த வருஷ ஐப்பசி மழைக்குக் கம்பெனி வாசலில் தண்ணீர் நின்றது, எங்கள் ஏரியில் பாதிகூட இல்லை. கோடி விழவில்லை. தெப்பம் விடவில்லை. கட்டிய பூவைக் காய்ந்த படியில் வைத்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டுச் சென்னம்மாளின் கிணறு வற்றிப்போய் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் அதே குடோனில் மூட்டை தூக்கப் போகிறார்கள். என் சாமந்தியில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது. கடலை அளந்தவராம்.

அந்தப் பதினைந்து நாளுக்குள் நான் அவரைப் பார்க்காமல் இல்லை. போனில் அண்ணியைப் பிடித்தேன். பல் வைத்தியத்துக்குப் பெங்களூர் வருகிறார், விருந்தினர் மாளிகைக்கு வா, பத்து நிமிஷம் வாங்கித் தருகிறேன் என்றார். படத்தைப் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பேரிகையில் பஸ் ஏறி, ஓசூரில் மாறிப் போனேன். வாசலில் மூன்று இடத்தில் சேலையைப் பிரித்துப் பார்த்தார்கள். வெள்ளை உடுப்பு போட்ட ஒரு இளவயது அதிகாரி, "ஹிஸ் எக்ஸலென்சின்னு சொல்லணும், இல்லேன்னா ஐயான்னாச்சும் சொல்லுங்க" என்று சொல்லி உள்ளே விட்டார்.

அவர் எழுந்து வந்தார். இளைத்திருந்தார். கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"வா பவளம். டீ குடிக்கிறியா?"

"வேணாங்கய்யா."

"என்ன புதுசா ஐயா? அண்ணான்னே கூப்பிடு."

நான் கூப்பிடவில்லை. மேஜைமேல் படத்தை விரித்தேன். ஓரம் சுருட்டிக்கொண்டது. அவர் தன் மூக்குக் கண்ணாடியை ஒரு பக்கமும் பேனாவை ஒரு பக்கமும் வைத்து அழுத்தினார். விரல் தானாகப் போய் மலையிலிருந்து கால்வாய் வழியாகவே வந்து ஏரியில் நின்றது. பேனா ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு மாநில கவர்னர் இன்னொரு மாநிலத்து நில விவகாரத்துல கையெழுத்துப் போட முடியாது" என்றார். "தவிர, ரெண்டாவது தடவை அளக்கவே இல்லையே."

"அளந்தீங்களேங்கய்யா. கார்ல போறப்போ."

அந்த வெள்ளை உடுப்புக்காரர் இருமினார். இவர் அவரைப் பொறுக்கச் சொல்லிக் கையால் காட்டினார்.

"சட்டம் எனக்குத் தெரியாதுங்கய்யா" என்றேன். "அஞ்சாவதோட சரி. ஒரே ஒரு பாறைக்காக நீங்க மேலதிகாரிகிட்ட முடியாதுன்னு சொன்னீங்கன்னு சொன்னீங்க. அன்னிக்கி ஊர்ல எல்லாரும் இருந்தோம். நீங்க காரை நிறுத்தி, எறங்கி, இது கால்வாய்டா, எடுங்கடா மண்ணைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கூட்டமே கையால தோண்டியிருக்கும். கையெழுத்துகூட வேணாம். அந்த ஒரு வார்த்தை போதும். கார் ஏறினப்போ உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. பதினெட்டு அடியும் தெரிஞ்சுது."

நான் கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பேனாவை எடுத்து ஓரமாக வைத்தேன். படத்தைச் சுருட்டிச் சேலையில் கட்டினேன். கங்கம்மா பிரசாதம் மடியில் இருந்தது. கொடுக்காமல் போக மனசு வரவில்லை, அதையும் மேஜைமேல் வைத்தேன். கதவு வரைக்கும் அவரே வந்தார். அந்த இளவயது அதிகாரி கதவைத் திறக்கப் போனதும், நீ போ என்று சொல்லிவிட்டுத் தானே திறந்து பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் ஏங்கய்யா எறங்கல?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் வீங்கின கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எறங்கியிருந்தா எல்லாரும் கை தட்டுறதை நிறுத்தியிருப்பாங்க, பவளம்" என்றார்.